பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்த ஏட்டம்மா

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது ஃபோன் வந்தது. ஏட்டம்மாவின் மகள் முத்துச்செல்வி.

"மாமா, அம்மா போயிட்டாவ."

அவளே தொடர்ந்தாள். "கடைய அடைச்சிராதீங்க மாமா. அம்மா சொல்லிட்டுத்தான் போயிருக்காவ. 'நான் போனா பாய் கடைய அடைப்பாரு, விடாத. ஒரு நாள் யாவாரம் போச்சேங்கிற கோவத்துல எனக்குத் துஆ கேக்க மாட்டாரு'ன்னாவ."

மூச்சு நிற்கப்போகிற நேரத்திலும் ஒருவர் என்னைக் கேலி செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஷட்டரை முழுசாகத் தூக்கி, விளக்கைப் போட்டு, கணக்கப்பிள்ளையைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, அவர் பிறந்த ஊரான குளத்தூருக்கு வண்டியை எடுத்தேன். அன்று கடை திறந்தே இருந்தது. அது மரியாதைக் குறைவு அல்ல, உத்தரவு.

நம் வியாபாரிகள் சங்கத்து மலரில் ஒரு போலீஸ்காரரைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். போலீசும் நாமும் பஜாரில் எந்த அளவில் பழகுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏட்டம்மா என்று நாம் அழைத்த, ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் சண்முகக்கனி அவர்களோடு எனக்கும் பழக்கம் அந்த அளவில்தான், அதாவது ஒரு சண்டையில்தான், தொடங்கியது.

தீபாவளிச் சமயம். கடைக்கு முன்னால் லாரியை நிறுத்திச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். பஜாரில் போக்குவரத்துப் பணியில் இருந்த ஏட்டம்மா வந்து நின்றார். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத குரல்.

"பாய், ரோட்டுல சரக்கு எறக்குதீங்க. ரோடு ஒங்க வாப்பா எழுதி வச்சிட்டுப் போனதா?"

"எங்க வாப்பா எனக்கு வச்சிட்டுப் போனது ஒரு சைக்கிளும் கொஞ்சம் கடனும்தான் ஏட்டம்மா."

"அப்ப சைக்கிள்ல எறக்குங்க."

அபராதம் கட்டினேன். லுங்கி மூட்டையைச் சைக்கிளில் கட்டி விளாத்திகுளம், குளத்தூர் என்று கரிசல் ஊர்களில் கூவி விற்று முன்னுக்கு வந்தவன் நான். குளத்தூர்ப் பெண்ணின் வாயை எனக்குத் தெரியும். உப்பளத்து வெயிலில் வேலை பார்த்தவரின் மகள். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், முதுகுக்குப் பின்னால் ஒன்றும் மிச்சம் வைக்கமாட்டார். அப்படிப்பட்டவரோடு பகை வைத்துக்கொள்ளலாம், நஷ்டமில்லை என்று அன்றே கணக்குப் போட்டேன்.

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். சாலையில் போலீசார் குறுக்கே வைக்கிற இரும்புத் தடுப்பு, நாம் பேரிகார்டு என்கிறோமே, அதில் பாதிக்குமேல் கடைக்காரர்கள் வாங்கிக் கொடுத்தவை. ஸ்டேஷனிலிருந்து கேட்பார்கள், நாம் செய்து கொடுப்போம். கடைப் பெயர் பெரிதாகவும் 'மெதுவாகச் செல்லவும்' சிறிதாகவும் இருக்கும். என்னிடமும் அப்படிக் கேட்டார்கள், கொடுத்தேன். ஸ்டேஷன் வளாகத்தில் பந்தல் போட்டு, அதிகாரி ஒருவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அன்று காலை என் கடையிலேயே வாங்கிப்போன பொன்னாடை.

மேடையில் போர்த்துகிற பொன்னாடைகளுக்கு ஒரு போக்குவரத்து உண்டு. மறுவாரம் பின்வாசல் வழியாகக் கடைக்கே வந்துவிடும். குறைந்த விலைக்கு எடுத்து, மடிப்புக் கலையாமல் கவரில் போட்டு மறுபடியும் விற்போம். ஒரே பொன்னாடை பல தோள்களைப் பார்த்திருக்கும். தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. எனக்குப் போர்த்தியதை மட்டும் என் வீட்டம்மா விற்க விடவில்லை. அந்துருண்டை போட்டு பீரோவில் வைத்துவிட்டார். அதனால் பிற்பாடு என்ன பயன் விளைந்தது என்பதற்கு வருகிறேன்.

வெயில் காலம், உச்சிப்பொழுது. நாற்கரச் சாலையில் கடம்பூருக்குப் பிரிகிற விலக்கை ஒட்டி வாகனச் சோதனை. ஏட்டம்மா பேரிகார்டு பக்கத்தில் நின்று கையைக் காட்டியிருக்கிறார். சோதனைக்குப் பயந்த லோடு வேன் ஒன்று நிற்காமல் பேரிகார்டை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. பேரிகார்டோடு ஏட்டம்மாவும் போனார். வலது கால் இரும்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

மறுநாள் பேப்பரில் படம். நெளிந்த பேரிகார்டு, பக்கத்தில் ஒற்றை பூட்ஸ். என் கடைப் பெயர் மட்டும் எழுத்துக் கலையாமல் அப்படியே இருந்தது. "பாய், காசில்லாம வெளம்பரம்" என்று ஒருவர் ஃபோன் பண்ணினார். அவர் பெயரை எழுத மாட்டேன். இதைப் படிப்பார், அவருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீசில் தொழிலாளியாக இருக்கிற அவர் கணவர் கருப்பசாமி அண்ணன் கட்டில் ஓரம் சுவரைப் பார்த்தபடி நின்றார். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"வாங்க பாய்" என்றார் ஏட்டம்மா. "இனிமே நான் கம்பு ஊணி நடந்தா ஊரே பாக்கும். 'எப்படிப் போச்சு'ன்னு கேக்கும். ஒங்க கடப் பேர நான் சொல்லியாவணும். மாசாமாசம் வெளம்பரக் கூலி குடுத்துருங்க."

கருப்பசாமி அண்ணன் சிரித்தார். சிரிப்பு அழுகையாக மாறி, வெளியே போய்விட்டார். ஏட்டம்மா அழவில்லை. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். பணியில் இருக்கும்போது பட்ட அடி என்று அரசாங்கம் ஒத்துக்கொள்ளவேண்டும். ஒத்துக்கொண்டால் சிகிச்சை அவர்கள் பொறுப்பு, ஆஸ்பத்திரியில் கிடந்த நாள் பணி நாள், இழப்பீடும் உண்டு. இல்லையென்றால் அது அவருடைய சொந்த விபத்து. கிடந்த நாளெல்லாம் அவருடைய விடுப்பில் கழியும்.

கழித்தார்கள். மேலே இருந்த ஏதோ ஒரு அலுவலகத்தில் யாரோ கேள்வி எழுப்பியிருந்தார்கள். அந்தப் பேரிகார்டு அரசுடைமையா, தனியாருடையதா? கடைக்காரர் விளம்பரத்துக்கு வைத்த பொருள் விழுந்து கால் போனால் அது எப்படிப் பணிக்காயம் ஆகும்? அடிபட்டவர் பேரிகார்டுக்குப் பின்னால் நிற்காமல் பக்கத்தில் ஏன் நின்றார்? லோடு வேனைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

"நான் லீவு எழுதிக் குடுத்துட்டா கால வெட்டுனேன்?" என்று கேட்டார் ஏட்டம்மா. கேட்டது என்னிடம், ஆனால் பார்வை என் மேல் இல்லை.

நான் வியாபாரி. தீர்க்க முடிந்ததைச் சீக்கிரம் தீர்த்துவிட நினைக்கிறவன். ஒரு கவரில் பணம் போட்டு அவர் வீட்டுக்குப் போய்த் தலையணை ஓரம் வைத்தேன். கவரை விரலால் என் பக்கம் தள்ளினார்.

"பாய், நீங்க குடுத்தா இது ஒத்தாச. வாங்கிட்டா கும்பிடணும். ஒங்களக் கும்பிட எனக்கு வெக்கமில்ல. ஆனா கவர்மெண்டு குடுக்கது ஒத்தாச இல்ல. அது அவிய செய்ய வேண்டிய காரியம். இன்னைக்கு நான் ஒங்ககிட்ட வாங்கிட்டா, நாளைக்கு இன்னொருத்தனுக்குக் கையோ கண்ணோ போவும்போது, 'அங்கன ஒரு பாய் இருக்காரு, போய்க் கேளு'ம்பாவ. கவர எடுத்துட்டுப் போங்க. கோவிக்காதீங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

காப்பி குடித்தேன். கவர் என் பையில் கனத்தது. கொடுக்கப் போன பணத்தை ஒருவர் வாங்காமல் திருப்பியது எனக்கு அதுதான் முதல் தடவை.

சில நாள் கழித்து, மஃப்டியில் ஒரு இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். வேட்டி எடுக்க வந்தவர் மாதிரி ரகம் பார்த்துக்கொண்டே பேசினார். பேரிகார்டு என்னுடையது, என் விளம்பரத்துக்கு நானே பராமரிக்கிறேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் போதுமாம். ஏட்டம்மாவுக்கு நான் நல்ல தொகையாகக் கொடுக்கலாமாம். "ஒரு ஃபங்ஷன் வச்சி, ஒங்க கையால குடுத்து, நாங்க பொன்னாடை போர்த்தி முடிச்சிருவோம் பாய். எல்லாருக்கும் நல்ல பேரு." வாசலில் நின்ற சரக்கு லாரியைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரோட்டுலதான் எறக்குதீங்க போல?" என்றார். வேட்டி எடுக்கவில்லை.

லாரி நிற்காவிட்டால் என்ன நஷ்டம், எழுதிக் கொடுத்தால் என்ன லாபம் என்று நான் கணக்குப் போடாமல் இல்லை. போட்டேன். விடை சரியாக வரவில்லை. நேரே ஏட்டம்மாவிடமே போனேன்.

"விசாரணைக்குக் கூப்பிடுதாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"நடந்ததச் சொல்லுங்க. எனக்காவ கூட்டிச் சொல்லாண்டாம், அவியளுக்காவ கொறச்சும் சொல்லாண்டாம். துணி அளக்க மாதிரிச் சொல்லுங்க. இழுத்துப் பிடிச்சி அளக்காம, தளத்தியும் விடாம." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒரு நாளைக்காவது" என்றார்.

விசாரணை அறையில் அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஏட்டம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். "தேங்க்ஸ் சொல்ல மாட்டேன் சார். நிக்க முடியாதவ ஒக்காருதேன், அவ்ளோதான்" என்று சொல்லி உட்கார்ந்து, ஊன்றுகட்டைகள் இரண்டையும் மடியில் படுக்கப் போட்டுக்கொண்டார்.

என் முறை வந்தது. "அந்தப் பேரிகார்டு உங்களுடையதுதானே?" என்றார் அதிகாரி.

பையிலிருந்து அந்தப் பொன்னாடையை எடுத்து மேசையில் வைத்தேன். அந்துருண்டை வாசம் அறை முழுக்கப் பரவியது.

"சார், இது என்ன?"

"பொன்னாடை."

"இத ஸ்டேஷன்ல பந்தல் போட்டு எனக்குப் போர்த்துனாங்க. எதுக்குப் போர்த்துனாங்க?"

அவர் பொன்னாடையை விரலால் தொட்டுப் பார்த்தார். நானே சொன்னேன்.

"எங்க தொழில்ல சரக்கு கை மாறிட்டா பில்லு குடுப்போம் சார். ஒங்க தொழில்ல பொன்னாடை போர்த்துதீங்க. இதுதான் பில்லு. நான் குடுத்தேன், நீங்க வாங்குனீங்க. வாங்குன பொறகு அது ஒங்களது. அதுல எம்பேரு இருக்கலாம். இந்தப் பொன்னாடையோட கவர்லயும்தான் எம்பேரு இருக்கு. அதுக்காவ, போர்த்துனவரு நான்னு ஆயிருமா?"

அதிகாரி சிரித்துவிட்டார். டைப் அடித்துக்கொண்டிருந்தவரும் சிரித்தார். ஏட்டம்மா சிரிக்கவில்லை.

"சார், அவரு சொன்னத அப்படியே அடிக்கச் சொல்லுங்க. சிரிச்சத அடிக்காண்டாம்."

அடித்தார்கள்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் என் கடை முன்னால் லாரி நிற்க முடியவில்லை. பஜார் மூலையில் நிறுத்தி, பழைய நாள் மாதிரி சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். ஒரு நாள் ஏட்டம்மா ஆட்டோவில் போகும்போது பார்த்துவிட்டு, ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, "அன்னைக்கே சொன்னேன்லா, சைக்கிள்ல எறக்குங்கன்னு" என்று கத்தினார். பஜாரே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

பணிக்காயம்தான் என்று ஆர்டர் வந்தது. எளிதில் வரவில்லை. கட்டை ஊன்றி அவர் ஏறிய மாடிப்படிகளுக்குக் கணக்கில்லை. சில அலுவலகங்களில் அடிபட்டவர்களுக்கான பிரிவை மாடியில் வைத்திருக்கிறார்கள். எந்தப் புண்ணியவானின் யோசனையோ. இழப்பீடு எவ்வளவு வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கழித்த விடுப்பு திரும்ப வந்ததைத்தான் கடைக்கு வந்து சொன்னார்.

"நான் டூட்டியிலதான் கெடந்தேன்னு ஒத்துக்கிட்டாவ பாய்."

ஜெயித்தவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. அந்த வருஷம் ஒரு விழாவில் அவரை மேடைக்கு அழைத்தார்கள். வீரம், தியாகம் என்று ஒலிபெருக்கியில் நிறைய வந்தது. அதே இலாகா, அதே கால். நான் முன்வரிசையில் இருந்தேன். அதிகாரி பொன்னாடையை விரித்துத் தோளில் போட வந்தார். ஏட்டம்மா அதைக் கையிலேயே வாங்கினார். செயற்கைக் காலில் கொஞ்சம் ஆடியபடி நின்று, அதை நாலாக மடித்தார். மடித்து அதிகாரியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "சார், இது ஒங்ககிட்டயே இருக்கட்டும். மாடசாமிக்கு ஆர்டர் போட்ட அன்னைக்கு அவனுக்குப் போர்த்துங்க. நான் வந்து கை தட்டுதேன்."

மாடசாமி இளம் கான்ஸ்டபிள். ஒரு கோவில் கொடைத் திருவிழா பந்தோபஸ்தில் இரண்டு கூட்டத்துக்கு நடுவில் நின்றவர். கல் பட்டு ஒரு கண் போயிற்று. ஹெல்மெட் போடவில்லை, அதனால் அவருடைய கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். அன்று வந்த ஹெல்மெட்டுகள் அவர் வரிசைக்கு வருவதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தன. அதை யாரும் எழுதவில்லை.

மேடையிலிருந்து இறங்கியவரிடம், "ஏன் ஏட்டம்மா, போர்த்திக்கிட்டே கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"போர்த்திட்டா கை ரெண்டும் உள்ள மாட்டிக்கிடும் பாய். நீட்டிக் கேக்க முடியாது."

ஓய்வுபெற்ற பிறகு என் கடை வாசல் ஓரம் ஒரு நாற்காலி அவருக்கு நிரந்தரமாயிற்று. நமக்குச் சங்கம் இருக்கிறது. தீப்பெட்டித் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு, ஆட்டோக்காரருக்கு உண்டு. போலீஸ்காரர் சங்கம் வைக்கக் கூடாது, கொடி பிடிக்கக் கூடாது, கும்பலாக நின்று கேட்கவும் கூடாது. அடிபட்டால் தனியாகப் போய்த் தனியாகத்தான் நிற்கவேண்டும். அவர்களுக்கு ஏட்டம்மாதான் வாய். கை உடைந்தவர், இடுப்புப் போனவர், மீட்கப்போன இடத்தில் பட்டாசு வெடித்து முதுகு வெந்தவர் என்று தேடி வருவார்கள்.

"போலீசு கூடி நிக்க கடைக்கு எவன் துணி எடுக்க வருவான் ஏட்டம்மா?" என்று நான் முணுமுணுப்பேன்.

"திருடன் வரமாட்டாம்லா. அது லாபந்தான?"

ஒரு தடவை ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, "கருணைத்தொகைன்னு ஏதோ தாரேங்காங்க, பேசாம வாங்கிட்டுப் போயிரலாம்னு பாக்கேன்" என்றார். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார் ஏட்டம்மா. "ஏலே, வாங்கு. வாங்காண்டாம்னு நான் சொல்லல. புள்ளகுட்டி இருக்கு, வாங்கு. ஆனா அது கருணைன்னு போட்ட எடத்துல கையெழுத்துப் போடாத. ஒன் காலு கருணையிலயா ஒடஞ்சிச்சி? டூட்டியில ஒடஞ்சிச்சி. டூட்டின்னு போடச் சொல்லி வாங்கு." அந்த ஆள் அப்படியே வாங்கினார். கொஞ்சம் தாமதமாயிற்று. ஆனால் வாங்கினார்.

எல்லோருக்கும் வாங்கித் தர அவரால் முடியவில்லை. மாடசாமிக்கு முடியவில்லை. அந்த ஒரு காகிதம் மேசை மேசையாகப் போய்க்கொண்டே இருந்தது. ஏட்டம்மாவுக்குச் செயற்கைக் கால் உராய்ந்து முழங்காலெல்லாம் புண். அதற்கு மாத்திரை, மாத்திரையால் சிறுநீரகமும் கெட்டது. டயாலிசிஸ் முடிந்து வரும் வழியிலும் ஆட்டோவைக் கடையில் நிறுத்தி, "மாடசாமிக்கு ஏதாச்சும் வந்துச்சா பாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். இல்லை என்று சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சப்பட வேண்டியவர்கள் வேறு இடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஏட்டம்மா போன அன்று நான் போய்ச் சேர்ந்த குளத்தூரில் முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஈரக் கரிசலில் நடப்பதென்றால் ஒவ்வொரு அடிக்கும் செருப்பில் ஒரு வீசை மண் ஏறும். ஏட்டம்மா அந்த மண்ணில் கட்டை ஊன்றி நடந்து பிறந்த ஊருக்கு வந்துபோவார். கட்டை உள்ளே இறங்கிக்கொண்டால் பிடுங்கிவிட்டு, "எங்கூரு மண்ணுகூட என்ன விடமாட்டேங்கு" என்பார்.

மரியாதை செலுத்த வந்த அதிகாரியின் ஜீப் தெருவுக்குள் வர முடியவில்லை. இறங்கி நடந்து வந்தார். இளைஞர், ஊருக்குப் புதியவர். பளபளப்பான ஷூவில் கரிசல் அப்பியிருந்தது. பின்னால் ஒருவர் மலர்வளையமும் ஒரு கவரும் கொண்டுவந்தார். கவரில் என் கடைப் பெயர்.

மலர்வளையம் வைத்தார், தொப்பியைக் கழற்றி நின்றார். பிறகு கவரைப் பிரித்துப் பொன்னாடையை வெளியே எடுத்தார். உறவுக்காரர்கள் கோடித் துணி போட்டிருந்த உடம்பின் மேல் அதையும் போர்த்தக் குனிந்தபோது, முத்துச்செல்வி கையை நீட்டி மறித்தாள்.

"சார், அம்மா பொன்னாடை வாங்க மாட்டாவ."

"தெரியலம்மா, மரியாதைக்காக..."

"மாடசாமி அண்ணனுக்கு ஆர்டர் வந்துட்டா சார்?"

அவர் விழித்தார். "யார் மாடசாமி?"

"ஒங்களுக்குப் பின்னாலதான் நிக்காவ."

பந்தோபஸ்துக்கு வந்திருந்த மாடசாமி, சீருடையில், கறுப்புக் கண்ணாடியோடு, தெருவோரம் பேரிகார்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதிகாரி திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றச் சொல்லவில்லை. மாடசாமியே கழற்றினார்.

அதிகாரி நல்ல பிள்ளைதான். முகம் சிவந்தாலும் கோபப்படவில்லை. பொன்னாடையை மடித்தார், அந்த மடிப்புக்குப் பழக்கமில்லாத கை. என்னை யாரென்று யாரோ காதில் சொல்லியிருக்கவேண்டும். என்னிடம் நீட்டினார். "நீங்களே எடுத்துக்கிடுங்க பாய். உங்க கடையில எடுத்ததுதான்."

எத்தனையோ தோளிலிருந்து இறங்கி வந்த பொன்னாடைகளை முகம் சுளிக்காமல் எடுத்தவன் நான். அன்றைக்கு என் கை நீளவில்லை.

"வித்தது வித்ததுதான் சார். அது ஒங்களது. கொண்டு போங்க. ஆர்டர் வந்த அன்னைக்கு யாருக்குப் போர்த்தணும்னு இப்பத் தெரிஞ்சிட்டுல்லா?"

அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கரிசலில் காலை இழுத்து இழுத்து ஜீப்புக்கு நடந்தார். ஊர் முழுக்க அந்த நடையைப் பார்த்தது. மாடசாமி கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

குழியில் நானும் ஒரு பிடி மண் போட்டேன். ஈரக் கரிசல் கையை விட்டு லேசில் விழாது. உதறி உதறித்தான் போட வேண்டியிருந்தது. அவர் சந்தேகப்பட்ட துஆவையும் இறைவனிடம் கேட்டேன், குறையில்லாமல்.

ஏட்டம்மா, நீங்கள் சொன்னபடி கடையை அன்றைக்கு அடைக்கவில்லை. நல்ல வியாபாரம். உங்கள் நாற்காலி வாசல் ஓரம் அப்படியே கிடக்கிறது. நேற்று மாடசாமி வந்து அதன் பக்கத்தில் நின்றார், உட்காரத் தயங்கினார். "ஏலே, ஒக்காரு" என்று உங்கள் குரலில் நானே அதட்டினேன். உட்கார்ந்துவிட்டார். கை வெந்த ஒரு கான்ஸ்டபிளும் தேடி வந்தார், அவரையும் உட்காரவைத்தோம். நீங்கள் கவலையில்லாமல் போய் வாருங்கள். அந்தப் பொன்னாடை அதிகாரியின் அறையில் மேசை மேலேயே இருப்பதாகக் கேள்வி. மடிப்பு இன்னும் கலையவில்லை. மாடசாமி தோளில் கலைக்க வைக்காமல் விடமாட்டோம்.